உழுகிறவர் ஒருவர், பணம் பெறுகிறவர் ஒருவர்!

‘மானியம்’ என்ற சொல் காவேரிக் கரைக்குப் புதிதல்ல. முன்னாளில் அது பணத்தைக் குறிக்கவில்லை, நிலத்தைக் குறித்தது. கோயிலில் விளக்கேற்றுகிறவருக்கு, மேளம் வாசிக்கிறவருக்கு, ஊர்க் காவல் பார்க்கிறவருக்கு என்று தீர்வை இல்லாமல் விட்டுக்கொடுத்த நிலத்துக்கே மானியம் என்று பெயர். இன்றைக்கு அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வேறு. விவசாயிக்குச் சர்க்கார் கொடுக்கும் பணமும், விலையில் விட்டுக்கொடுக்கும் சலுகையும்தான் இப்போது மானியம். வேடிக்கை என்னவென்றால், பழைய மானிய நிலங்களும் கோயில் நிலங்களும் அதிகமாக உள்ள ஜில்லாக்களில்தான், அந்த நிலங்களை உழுகிறவர்களுக்குப் புதிய மானியம் எட்டாமல் இருக்கிறது.

திருவாரூர் ஜில்லாவை எடுத்துக்கொள்ளலாம். பழைய தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து 1991-ல் நாகப்பட்டினம் பிரிந்தது. 1997-ல் திருவாரூர் தனி ஜில்லா ஆயிற்று. மன்னார்குடி, நன்னிலம், குடவாசல், திருத்துறைப்பூண்டி என்று எந்தத் தாலுகாவுக்குப் போனாலும் கண்ணுக்கு எட்டிய தூரம் நெல்தான். மேட்டூரில் தண்ணீர் திறந்தால் குறுவை. பிறகு சம்பா, தாளடி. இந்த வயல்களில் கணிசமானவை கோயில்களுக்கும் மடங்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும் சொந்தம். இன்னும் பல, வெளியூரில் உத்தியோகமும் வியாபாரமும் பார்க்கிறவர்களுக்குச் சொந்தம். நிலத்தில் இறங்கிச் சேறு மிதிக்கிறவர்களோ குத்தகைக்காரர்கள்.

தமிழ்நாடு முழுவதும் கோயில், மடங்களின் பேரில் உள்ள நிலம் சுமார் 4.78 லட்சம் ஏக்கர் என்பது இந்து சமய அறநிலையத் துறையின் கணக்கு. ஆகவே இது நாலு பேருடைய பிரச்னை அல்ல.

பட்டா யார் பேரில்?

மத்திய சர்க்கார் விவசாயிக்கு நேராகப் பணமே கொடுக்கும் பெரிய திட்டம், பிரதம மந்திரி கிஸான் நிதி. 2019 பிப்ரவரி 1-ந் தேதி இடைக்கால பட்ஜெட்டில் அறிவித்து, அதே மாதம் 24-ந் தேதி தொடங்கிவைத்தார்கள். ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 6,000 ரூபாய். நாலு மாதத்துக்கு ஒரு முறை 2,000 வீதம், மூன்று தவணை. இடையில் ஏஜெண்டும் இல்லை, மணியார்டரும் இல்லை. பாங்குக் கணக்கில் நேராக விழுந்துவிடும். முதலில் 2 ஹெக்டேர் வரை நிலம் உள்ளவர்களுக்கு மட்டும் என்றிருந்ததை, 2019 ஜூன் முதல் நிலம் உள்ள எல்லா விவசாயக் குடும்பங்களுக்கும் என்று விஸ்தரித்தார்கள். 2025 நவம்பர் 19-ந் தேதி, 21-வது தவணையைக் கோயம்புத்தூரிலிருந்தே பிரதமர் வெளியிட்டார். அந்த ஒரு தவணையில் மட்டும் தேசம் முழுவதும் சுமார் 9 கோடி விவசாயிகளுக்குச் சென்ற தொகை சுமார் 18,000 கோடி ரூபாய்.

யார் யாருக்குக் கிடையாது என்பதும் தெளிவாகவே சொல்லப்பட்டிருக்கிறது. வருமான வரி கட்டுகிறவர்கள், கடைநிலை ஊழியர் நீங்கலாக மற்ற சர்க்கார் உத்தியோகஸ்தர்கள், மாதம் 10,000 ரூபாயும் அதற்கு மேலும் பென்ஷன் வாங்குகிறவர்கள், தொழில் நடத்தும் டாக்டர்கள், வக்கீல்கள், என்ஜினீயர்கள் ஆகியோர் பெறமுடியாது. ஸ்தாபனங்களின் பேரில் உள்ள நிலத்துக்கும் கிடையாது. நியாயம்தானே என்று தோன்றும். ஆனால் விதியின் முதல் வரியிலேயே ஒரு சங்கதி இருக்கிறது. பணம் பெற நிலம் அவர் பேரில் இருக்கவேண்டும். அதுவும் 2019 பிப்ரவரி 1-ந் தேதியன்று இருந்திருக்கவேண்டும். அதற்குப் பிறகு வாரிசாக வந்த நிலத்துக்கு மட்டுமே விலக்கு.

இனி விவசாய விரிவாக்க மையத்தின் மேஜைக்கு முன்னால் நடக்கும் சம்பாஷணையை ஊகிப்பது கஷ்டமல்ல.

“பட்டா யார் பேர்லேங்க இருக்கு?”

“கோயில் பேர்லேங்க, ஐயா. எங்க தாத்தா காலத்திலேருந்து நாங்கதான் சாகுபடி பண்றோம்.”

“சாகுபடி பண்றது சரி. பட்டா வேணுமே!”

அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. அந்த உத்தியோகஸ்தர் மேல் குற்றமில்லை. பட்டா இல்லாத பெயரைப் பதிவு செய்ய அவருக்கு அதிகாரமும் இல்லை. கோயில் ஸ்தாபனமானதால் கோயிலுக்குப் பணம் வராது; குத்தகைக்காரர் சொந்தக்காரர் இல்லையாதலால் அவருக்கும் வராது. அந்த ஏக்கரில் விளைகிற நெல்லை தேசம் சாப்பிடுகிறது. அதை விளைவிக்கிறவர் மட்டும் விவசாயி என்ற கணக்கில் சேரவில்லை.

தனியார் நிலமானால் கதை வேறு மாதிரி. பட்டாதாரர் சென்னையில் கடை வைத்திருக்கலாம். வருமான வரி கட்டாதவராய், விலக்கப்பட்ட வேறு எந்தப் பட்டியலிலும் சேராதவராய் இருந்தால், வயலை எட்டிப் பார்க்காமலே அவர் கணக்கில் 2,000 ரூபாய் சேர்ந்துவிடும். அவர் மோசடி செய்தார் என்று சொல்வதற்கில்லை, விதி அப்படி.

நிலமே இல்லாதவர்களுக்குப் பணம்

பட்டா கேட்பது மோசடியைத் தடுக்கத்தான் என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். 2020-ம் வருஷம் தமிழ்நாட்டில் நடந்ததைப் பார்த்தால் அந்தச் சமாதானம் நிற்காது.

கொரோனா ஊரடங்கு சமயத்தில், விவசாயிகள் ஆபீஸுக்கு அலையாமல் தாங்களே கம்ப்யூட்டர் மூலம் பதிவு செய்துகொள்ள வசதி இருந்தது. அங்கீகாரம் கொடுக்கவேண்டியது உத்தியோகஸ்தர்கள். ஆனால் அவர்களுடைய ரகசியக் குறியெண்களே வெளி ஆட்களின் கைக்குப் போயின. நிலமே இல்லாதவர்களிடம் ஆதார் அட்டையும் பாங்குப் புத்தகமும் வாங்கி, ஆயிரக்கணக்கில் பெயர்களை ஏற்றினார்கள். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் முதலான ஜில்லாக்களில் பயனாளிகளின் எண்ணிக்கை திடீரென்று வீங்கியபோதுதான் சந்தேகம் எழுந்தது.

அந்த வருஷம் செப்டம்பரில் ராஜ்ய சபையில் தெரிவிக்கப்பட்ட கணக்கு இது: ஆராய்ந்த 5.95 லட்சம் கணக்குகளில் 5.38 லட்சம் தகுதி இல்லாதவை. போன பணம் சுமார் 110 கோடி ரூபாய். அதுவரை திரும்ப வசூலானது சுமார் 61 கோடி. 96 ஒப்பந்த ஊழியர்கள் நீக்கப்பட்டார்கள். 34 உத்தியோகஸ்தர்கள் மேல் நடவடிக்கை எடுக்கப்பட்டது. 52 பேர் கைதானார்கள்.

இதிலிருந்து தெரிவது என்ன? பட்டா என்ற கதவு, கள்ளச் சாவி வைத்திருந்தவர்களைத் தடுக்கவில்லை; சாவியே இல்லாமல் வாசலில் நின்ற குத்தகைக்காரரை மட்டும் தடுத்தது. காலில் சேறே படாதவர்கள் சில மாதங்கள் ‘விவசாயி’களாக இருந்தார்கள். தலைமுறை தலைமுறையாய்ச் சேற்றிலேயே நிற்கிறவர்கள் ஒரு தவணைக்குக் கூட விவசாயிகள் ஆகவில்லை.

நெல்லின் பின்னே போகும் பணம்

எல்லா மானியமும் பட்டாவைப் பார்த்துப் போகிறதா என்றால், இல்லை. சில மானியங்கள் சரக்கோடு போகின்றன. அவை குத்தகைக்காரருக்கும் கிடைத்துவிடுகின்றன.

உதாரணம், உரம். 45 கிலோ யூரியா மூட்டை விவசாயிக்கு 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கிறது என்றால், தயாரிப்புச் செலவு அவ்வளவுதான் என்று எண்ணிவிடக் கூடாது. மிச்சத்தைச் சர்க்கார் கம்பெனிக்குக் கொடுக்கிறது. 2018 முதல், கடையில் விவசாயி கைரேகை வைத்து மூட்டையை வாங்கிய பிறகே அந்தப் பணம் கம்பெனிக்குப் போகும்படி ஏற்பாடு. வாங்குகிறவர் சொந்தக்காரரா, குத்தகைக்காரரா என்று யூரியா கேட்பதில்லை. பம்பு செட்டு மின்சாரமும் அப்படியே. 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் தமிழ்நாட்டில் அது இலவசமாயிற்று. இணைப்பு யார் பேரில் இருந்தாலும், தண்ணீர் பாய்வது உழுகிறவரின் பயிருக்குத்தான்.

மூன்றாவது, கொள்முதல் விலை. 2025-26 பருவத்துக்கு மத்திய சர்க்கார் நிர்ணயித்த ஆதார விலை, குவிண்டாலுக்குச் சாதாரண ரகத்துக்கு 2,369 ரூபாய். சன்ன ரகத்துக்கு 2,389. மாநில சர்க்கார் தன் பங்காக முறையே 131-ம் 156-ம் ஊக்கத்தொகை சேர்த்து, 2,500 என்றும் 2,545 என்றும் ஆக்கியது. நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடிக் கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டால் இந்த விலை.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மூன்று ஏக்கர் குத்தகை, அதாவது ஒன்பது மா. ஏக்கருக்கு 60 கிலோ மூட்டை முப்பது கண்டது என்று வைத்துக்கொண்டால், 18 குவிண்டால். மூன்று ஏக்கருக்கு 54 குவிண்டால். சன்ன ரகமானால் மாநில ஊக்கத்தொகை மட்டும் 8,424 ரூபாய். பிரதம மந்திரி நிதியின் 6,000-ஐ விட இது அதிகம்! ஆகவே குத்தகைக்காரருக்கு உண்மையான மானியம் கொள்முதல் நிலையத்தின் வாசலில்தான் இருக்கிறது.

ஆனால் அந்த வாசலிலும் காகிதம் கேட்கிறார்கள். சிட்டா, அடங்கல், ஆதார், பாங்குப் புத்தகம். சிட்டா என்பது நிலம் யாருடையது என்று சொல்லும் கணக்கு. அடங்கல் என்பது இந்தப் பசலியில் இந்த வயலில் என்ன பயிர் என்று சொல்லும் கணக்கு. பசலி என்பது ஜூலையில் பிறந்து ஜூனில் முடியும் வருவாய்த் துறையின் வருஷம். குத்தகைக்காரருக்குச் சிட்டா கிடையாது. கிராம நிர்வாக அலுவலர் எழுதிக்கொடுக்கும் அடங்கலும் சான்றும்தான் அவருக்குக் கதி. அது கைக்கு வர நாலு நாள் தாமதமானால் நெல் களத்திலேயே கிடக்கும். நடுவில் ஒரு மழை பெய்தால் ஈரப்பதம் ஏறும். 17 சதவிகிதம் என்ற வரம்பைத் தாண்டினால், மத்திய சர்க்கார் தளர்த்தினாலொழிய மூட்டை ஏறாது. அப்போது களத்துக்கே லாரியோடு வரும் வியாபாரி சொல்வதுதான் விலை. குவிண்டாலுக்கு 200 ரூபாய் குறைத்துக் கேட்டாலும் 54 குவிண்டாலில் 10,800 ரூபாய் போய்விடும். நாலு நாள் தாமதத்துக்கு இது பெரிய அபராதமல்லவா?

நஷ்டம் வந்தால்

விளைந்தால் இப்படி. விளையாவிட்டால்?

2016-ல் வந்த பயிர்க் காப்பீட்டுத் திட்டம் இந்த விஷயத்தில் கொஞ்சம் தாராளமானது. குத்தகைக்காரரும் வாரத்துக்குப் பயிர் செய்கிறவரும் சேரலாம் என்று விதியிலேயே இருக்கிறது. சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டவேண்டிய பிரிமியம் காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவிகிதம்தான். ஏக்கருக்கு 36,000 ரூபாய்க்குக் காப்பீடு என்றால் பிரிமியம் 540 ரூபாய். மிச்சப் பிரிமியத்தை இரண்டு சர்க்காரும் கட்டுகின்றன. கிராமத்தில் தேர்ந்தெடுத்த வயல்களில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அளந்து, அறுத்து, அடித்து, எடை போட்டு மகசூலைக் கணிக்கிறார்கள். முன் வருஷங்களின் சராசரியைக் கொண்டு நிர்ணயித்த அளவுக்குக் குறைந்தால் அந்தக் கிராமம் முழுமைக்கும் இழப்பீடு.

இங்கும் பணம் போய்ச் சேருகிற இடம், பதிவு செய்தவரின் கணக்கு. ஒரே சர்வே நம்பருக்குப் பட்டாதாரர் முந்திக்கொண்டு பிரிமியம் கட்டிவிட்டால், உழுதவருக்கு ஒன்றும் இல்லை. ஐந்நூற்று நாற்பது ரூபாய் போட்டவருக்கு இழப்பீடு. முப்பதாயிரம் செலவு செய்து நட்டவருக்குக் கருகிய தாள்!

வறட்சி, வெள்ள நிவாரணமும் அடங்கலைப் பார்த்தே எழுதப்படுகிறது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சிப் பகுதி என்று அறிவித்தபோது நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் கொடுத்தார்கள். ஹெக்டேர் கணக்கில் அது 13,500. ஆறு வருஷம் கழித்து, 2023-ல் காவேரியில் தண்ணீர் வராமல் டெல்டாவில் குறுவை கருகியபோது அறிவித்ததும் ஹெக்டேருக்கு 13,500-தான். டீசல் விலையும் கூலியும் அந்த ஆறு வருஷமும் அசையாமல் நின்றனவா என்ன? அந்த வருஷக் கடைசியில் வந்த வெள்ளத்துக்குப் பிறகே நெல்லுக்கு 17,000 ஆயிற்று.

கூட்டுறவுக் கடன் கதையும் இதைச் சேர்ந்ததே. 2016-ல் சிறு, குறு விவசாயிகளின் கூட்டுறவுப் பயிர்க் கடன் 5,780 கோடி ரூபாயும், 2021 பிப்ரவரியில் 16.43 லட்சம் விவசாயிகளின் கடன் 12,110 கோடி ரூபாயும் தள்ளுபடி செய்யப்பட்டன. ஆனால் கடன் வாங்கியவருக்குத்தானே தள்ளுபடி? சிட்டா இல்லாததால் சங்கத்தில் கடன் கிடைக்காமல், உரக்கடையிலும் வட்டிக் கடையிலும் வாங்கியவரின் கடனைத் தள்ள எந்த உத்தரவும் வருவதில்லை.

சட்டம் இருக்கிறது, ஏட்டில்

குத்தகைக்காரரைச் சர்க்கார் ஏட்டில் ஏற்றச் சட்டமே இல்லையோ என்றால், இருக்கிறது. தஞ்சை ஜில்லாவின் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-ல் வந்தது. சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955-ல். நியாயக் குத்தகைச் சட்டம் 1956-ல். ஆரம்பத்தில் நஞ்சைக்கு மகசூலில் நூற்றுக்கு 40 என்றிருந்த நியாயக் குத்தகை, பிறகு 25 ஆகக் குறைக்கப்பட்டது. குத்தகை உரிமைகளைப் பதிவு செய்யவென்றே 1969-ல் தனிச் சட்டம் செய்தார்கள்.

அப்படியிருந்தும் ஏன் பலர் பதிவாகவில்லை? காரணம் பகிரங்க ரகசியம். பதிந்துவிட்டால் குத்தகைக்காரரை எளிதில் வெளியேற்ற முடியாது. அவர் காலத்துக்குப் பிறகு வாரிசும் உரிமை கேட்கலாம். ஆகவே சொந்தக்காரர் கையெழுத்துப் போடத் தயங்குகிறார். “பதிவு கிதிவுன்னு போனா அடுத்த போகத்துக்கு வயல் கிடையாது” என்ற ஒரு வார்த்தை போதும், குத்தகைக்காரர் அடங்கிவிடுவார். குத்தகையும் வருஷா வருஷம் வாய் வார்த்தையாகவே நடக்கிறது. இத்தனை மூட்டை என்று பேச்சு. சாட்சி அரச மரம்! குத்தகைக்காரரைக் காப்பாற்றச் செய்த சட்டமே அவரை ஏட்டுக்கு வெளியே நிறுத்திவைக்கக் காரணமாகிவிட்டது.

சொந்தக்காரர் பக்கத்திலும் பயம் நியாயமற்றது என்று தள்ளிவிட முடியாது. இரண்டு ஏக்கர் வைத்துக்கொண்டு, வயதான காரணத்தால் குத்தகைக்கு விட்ட விதவை அம்மாளும் பட்டாதாரரே. அவருக்கு அந்த 6,000 ரூபாய் பெரிய தொகை. ஆகவே ஒருவரிடமிருந்து பிடுங்கி ஒருவருக்குக் கொடுப்பதல்ல தேவை; இருவரையும் தனித்தனியே அடையாளம் காண்பதுதான்.

மற்ற மாநிலங்களில்

இது முடியாத காரியமா? தெலுங்கானாவில் 2018-ல் ஏக்கருக்குப் பருவத்துக்கு 4,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கினார்கள். அது பட்டாதார்ப் புத்தகம் வைத்திருந்தவர்களுக்கே சென்றது. குத்தகைக்காரர்கள் வெறுங்கையோடு நின்றார்கள். ஒரிஸ்ஸாவில் அதே வருஷக் கடைசியில் அறிவித்த திட்டத்தில் வாரக் குடிகளையும் நிலமில்லாத தொழிலாளர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். மேற்கு வங்காளத்தில் பதிவு பெற்ற வாரக் குடிகளுக்கும் உதவித் தொகை உண்டு. 1978-ல் தொடங்கி, கிராமம் கிராமமாகப் போய் அவர்களுடைய பெயர்களை எழுதியிருந்ததால் அது அங்கே சாத்தியமாயிற்று.

ஆந்திரத்தில் 2019-ல் வேறொரு யோசனை செய்தார்கள். பயிர் செய்கிறவருக்குப் பதினொரு மாதத்துக்கு ஓர் உரிமை அட்டை. அதைக் காட்டி மானியமும் காப்பீடும் கடனும் கேட்கலாம். நிலத்தின் மேல் உரிமை கொண்டாட முடியாது. சொந்தக்காரரின் பயத்துக்கு இது நல்ல மருந்து. ஆனால் அந்த அட்டைக்கே சொந்தக்காரரின் கையெழுத்து வேண்டும் என்று விதித்ததால், பழைய தயக்கம் மறுபடி தலைகாட்டியது.

கோயில் நிலத்துக்கு அந்தத் தயக்கமும் வேண்டியதில்லை. அங்கே சொந்தக்காரர் கோயில். நிர்வாகம் பார்ப்பது சர்க்கார் துறையின் மேற்பார்வையில். யார் குத்தகை கட்டுகிறார், எத்தனை மா, எத்தனை பாக்கி என்பதெல்லாம் கோயில் ஆபீஸ் கணக்கில் இருக்கிறது. பாக்கி வசூலுக்கு வருவாய்க் கோர்ட்டுக்குப் போகும்போது அந்தக் கணக்கு செல்லுபடியாகிறது. மானியம் கொடுப்பதற்கு மட்டும் அது செல்லாமல் போவானேன்? அந்தப் பட்டியலை விவசாயத் துறையின் பட்டியலோடு சேர்த்துவிட்டால், பெரிய சட்டம் ஏதும் இல்லாமலே, மாநிலத்தின் கையில் உள்ள மானியங்களிலாவது கோயில் குத்தகைக்காரருக்கு இடம் கிடைத்துவிடும். மத்திய நிதிக்கு விதியைத் திருத்தவேண்டும். அது டில்லியின் வேலை.

அதுவரை குத்தகைக்காரர் செய்துகொள்ளக்கூடிய காரியம் ஒன்று உண்டு. சம்பாவுக்குக் காப்பீடு கட்டும் கெடு வழக்கமாக நவம்பர் நடுவில் முடிகிறது. நடவு முடிந்த கையோடு, கெடு நெருங்கிக் கூட்டம் சேருவதற்கு முன்னால், அடங்கலில் தம் பெயருக்குச் சான்று வாங்கிப் பிரிமியத்தைத் தாமே கட்டி, ரசீதைப் பத்திரப்படுத்துவது நல்லது. சான்று மறுக்கப்பட்டால், மாதா மாதம் கலெக்டர் ஆபீஸில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் எழுத்து மூலம் மனுக் கொடுக்கலாம். வாயால் சொன்னது காற்றோடு போகும். மனுவுக்கு நம்பர் உண்டு, பதில் எழுதியாகவேண்டும். அந்தச் சான்றும் ரசீதும் இருந்தால், வெள்ளம் வந்து வடிந்த பிறகு கணக்கெடுக்க வருகிறவர் “பட்டா யார் பேரில்?” என்று கேட்கும்போது, வயல்காரர் வெறுங்கையோடு நிற்கவேண்டியதில்லை.